ஒன்றரை டன்

முகத்துவாரத்து மணல்திட்டில் வயிறு பதியக் கிடந்தது திமிங்கிலக் குட்டி. பதினைந்து அடி இருக்கும். கரையில் தட்டிய படகை இழுப்பதுபோல வாலில் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தார்கள்.

முதல் இழுப்பிலேயே வால் முறுகியது. குட்டி ஒரு மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

நான் கயிற்றை அறுத்தேன்.

"டேய் பிரகாஷு! என் கயித்த அறுக்க நீ யாருடா?" படகுக்காரர் சின்னப்பன் அண்ணன் பாய்ந்து வந்தார்.

"வால் பிஞ்சிடும்ணா."

"இம்மாம்பெரிய ஒடம்பு, பலம் இருக்காதா?"

"பெருசா இருக்கறதுதாண்ணா பிரச்சினையே."

நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. தசையின் பலம் நான்கே மடங்கு. கல்லூரியில் படித்தது. தண்ணீர் தாங்கும்வரை அந்தக் கணக்கு திமிங்கிலத்தைத் தொடாது. தரையில் அதன் எடையே அதன் நுரையீரலை நசுக்கும்.

சின்னப்பன் அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. வுடு."

ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் என் மனைவி வித்யாவைப் பற்றியும் என்னிடம் இதையே சொன்னார்கள். தலையாட்டினேன். இன்று ஆட்டவில்லை.

"மூணு மணி நேரத்துல கடல் ஏத்தம் வரும். அடியில பள்ளம் தோண்டினா தண்ணியே தூக்கும்."

"மம்முட்டி பட்டா வயிறு கிழியும், வாத்தியாரே!" என்றான் கயிறு இழுத்தவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அது உண்மை. சற்றுத் தள்ளி வசந்தாக்காவும் நான்கு பெண்களும் முட்டியிட்டு, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். வந்தார்கள். பறியைக் கீழே வைத்தால் காக்கை இறாலைத் தூக்கிவிடும். கடித்தபடியே தோண்டினார்கள்.

"இது எங்க பாடு!" என்று கத்தினார் சின்னப்பன் அண்ணன். அவர் ஊர் முறைவைத்து வலை போடும் இடம் அது; கையால் பிடிப்பவர்கள் அங்கே வரக்கூடாது. "யாரக் கேட்டு மண்ணுல கை வச்ச? உன்னத்தான் வசந்தா!"

வாயில் பறி. வசந்தாக்கா அடுத்த பிடி சேற்றை அள்ளிப் போட்டார். என் சட்டையை நனைத்துத் திமிங்கிலத்தின் முதுகில் போட்டுவிட்டு நானும் தோண்டினேன். நகம் பிய்ந்தது. வலிக்கவில்லை.

ஏற்றம் வந்தது. குழியில் முதலில் சேறு, பிறகு தண்ணீர். மூச்சு சீரானது. வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே என் விரல் நுழைந்தது; பிறகு கை. ஒன்றரை டன்னை ஆறு பேர் உள்ளங்கையால் தள்ளினோம். நகர்ந்தது. வால் ஒரு வீச்சு வீசியதில் நான் சேற்றில் விழுந்தேன். எழுந்தபோது அது கடலுக்குள் போயிருந்தது.

வசந்தாக்கா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சின்னப்பன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இன்னாமோ கேட்டியே, இன்னாண்ணா?"