ஒழுகும் கூரைக்கு வந்த யோகம்

மிஸ் வெர்னெட்டாவின் ஸ்கேட்டிங் அரங்கில் வெள்ளிக்கிழமைகளில் பாட்டுப் போடுவது என் வேலை. கிளீவ்லாந்தின் கிழக்குப் பகுதியில் பிறந்தநாள், காதல், காதல் முறிவு எல்லாம் அந்த மேப்பிள் மரத் தளத்தின் மேல்தான் நடக்கும். மங்கிய நீல வெளிச்சத்தில் ஜனங்கள் வட்டமடிப்பதை மேலிருந்து பார்த்தால், ஏதோ ஒரு ஏரி மெல்லச் சுழல்வது போல இருக்கும்.

கட்டடம் மட்டும் அவருடையதல்ல. சொந்தக்காரர் ஃப்ளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டு, விற்கப்போகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு லாரி நிறுத்த இடம் வேண்டும். வாங்கிய மறுநாளே இடித்துவிடுவார். இன்னொருவர் ஹால்வர்சன், மினியாபொலிஸ்காரர். தன் கம்பெனியை விற்று வந்த லாபத்தை எங்களைப் போன்ற ஏழைப் பகுதியில் போட்டால் அரசாங்கம் வரியில் சலுகை தரும் என்பதால் வருகிறார்.

"நாம ஏழையா இருக்கறதுல ஒருத்தருக்கு லாபம் இருக்குன்னு இப்பதான் தெரியுது கண்ணு. இத்தனை வருஷமா சும்மாவே ஏழையா இருந்துட்டோமே!" என்றார் மிஸ் வெர்னெட்டா.

எங்கள் தெருவைப் பற்றிச் செய்தி வந்தால் உடைந்த ஜன்னல் படம்தான் வரும். அதனால் வெளியாள் வருகிறார் என்றால் நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்போம். இந்த முறையும் அப்படித்தான். சர்ச்சே திரண்டு வந்தது. சர்ச் ஊழியரான டீக்கன் கிளியோஃபஸ் சுவருக்கு வெள்ளையடித்தார். கூரை ஒழுகிய கறையை மறைத்து வெள்ளித் திரை கட்டினோம். அதன் பின்னால் ஒரு வாளி. பசங்க உட்காரும் பெஞ்சுகூடப் பளபளத்தது.

சனிக்கிழமை ஹால்வர்சன் வந்தார். நல்ல மனிதர், நீளமான கழுத்து. சுற்றிப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது.

"கூரை எப்படி?"

"புதுசு மாதிரி சார்," என்றார் டீக்கன்.

"பாய்லர்?"

"பூனைக்குட்டி மாதிரி சத்தமே போடாது."

"கழிப்பறை?"

"நீங்களே போய்ப் பாருங்க, மணக்குது!"

ஹால்வர்சன் பெருமூச்சு விட்டார். இவ்வளவு எளிய இடமா என்று நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

"ரொம்ப அழகா வெச்சிருக்கீங்க. அதுதான் பிரச்சினை," என்றார். "பழைய கட்டடம் வாங்கினா, அது என்ன விலையோ அதுக்கு மேல ரெண்டரை வருஷத்துக்குள்ள அதுலயே செலவு பண்ணிச் சீர் செஞ்சாகணும். இல்லேன்னா சலுகை கிடையாது. இங்க நான் எதைச் சீர் செய்யறது?"

மிஸ் வெர்னெட்டா டீக்கனைப் பார்த்தார். டீக்கன் கூரையைப் பார்த்தார்.

"டீக்கன், அந்தத் திரையை இழுங்க."

"நேத்துதானே ஏணி போட்டுக் கட்டினேன்!"

"இழுங்கங்கறேன்!"

திரை சரிந்தது. எங்கள் ஓஹையோ மாகாணம் அளவுக்குப் பழுப்புக் கறை. கரைந்த பனி வாளிக்குள் 'டொக்' என்று விழுந்தது. ஹால்வர்சன் கண்ணில் வெளிச்சம் வந்தது.

அவ்வளவுதான், எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. கழிப்பறையில் தண்ணீரைத் திறந்தால் விளக்கு அணையும் என்று நான் சொன்னேன். பின்கதவை உதைத்துத் திறக்க ஆளைக் கூப்பிட வேண்டும் என்று யாரோ கத்தினார்கள்.

"பாய்லர் பூனைக்குட்டின்னீங்களே?" என்றார் ஹால்வர்சன்.

"செத்த பூனைக்குட்டி சார்," என்றார் டீக்கன், தொப்பியைக் கழற்றி.

ஹால்வர்சன் சிரித்துக்கொண்டே போனில் படமெடுத்தார். அப்போது மிஸ் வெர்னெட்டா தளத்தின் நடுவில் போய் நின்றார்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் போடுங்க. இதை மட்டும் தொடக்கூடாது. நான் மெழுகு போட்ட தளம்."

"மேடம், இங்க ஃபிளாட் கட்டினா வருமானம் அதிகம்னு என் கணக்கர் சொல்றார்."

"முழுச் சலுகை கிடைக்க நீங்க எவ்வளவு காலம் கையில வெச்சிருக்கணும்?"

"பத்து வருஷம்."

"அப்ப எனக்கும் பத்து வருஷ வாடகை ஒப்பந்தம். ராத்திரி பகலா ஜனம் வந்துபோற இடம் இது. குடிவர ஆளில்லாத ஃபிளாட்டை வெச்சுக்கிட்டு பத்து வருஷம் என்ன பண்ணுவீங்க?"

ஹால்வர்சன் தளத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலால் தடவினார்.

"சரி. ஒப்பந்தத்துலயே எழுதிடலாம். தளம் உங்களோடது."

"உங்க ஷூ என்ன சைஸ்?" என்றார் மிஸ் வெர்னெட்டா.

நான் ஓடிப்போய் மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டேன். ஹால்வர்சன் சக்கர ஷூவை மாட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நாலடி உருண்டார். அப்புறம் கை கால் எல்லாம் நாலு திசைக்குப் போக, தொப்பென்று உட்கார்ந்தார்.

டீக்கன் தலையை ஆட்டினார். "கூரையை விடுங்க சார். உங்களைச் சீர் செய்யத்தான் நிறையச் செலவாகும்."