வாசல் வரைக்கும்

அப்பாவின் தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டிக்கொண்டிருந்தபோது சித்தார்த்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. துணியின் இரண்டு நுனிகளும் அவன் கையில் இருந்தன. விட்டால் வாய் மறுபடி திறந்துகொள்ளும். அம்மாதான் போனை எடுத்துப் பார்த்தாள்.

"பாப்பா," என்றாள்.

முடிச்சைப் போட்டுவிட்டு வாங்கினான். தங்கை இளவேனில் கிருஷ்ணகிரியிலிருந்து பேசினாள். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"அண்ணா, கெளம்பிட்டேன். அத்திபெலேல ஜூஸ் குடிக்க மட்டும்தான் நிப்பேன். சாயங்காலம் வீட்ல இருப்பேன். அப்பா எழுந்துட்டாரா?"

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழுது வீங்கிய முகத்தில் அந்த ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது.

"தூங்குறாரு," என்றான்.

போனை வைத்ததும் அம்மா சொன்னாள். "ரோட்ல இருக்கறவகிட்ட சொல்லாதடா. கண்ணுல தண்ணியோட ஓட்டிட்டு வந்து லாரிக்கடியில போயிடுவா. நீ கார் எடுத்துட்டு அத்திபெலே போ. பக்கத்துல நின்னு சொல்லி, கையோட கூட்டிட்டு வா."

நியாயமான பேச்சு. ஆனால் சொல்லவேண்டியவன் அவன் அல்லவா.

காஷ்மீரிலிருந்து ராஜஸ்தான் வழியாக இறங்கி, மேற்குக் கரையோரமாகவே கன்னியாகுமரி வரை, தன்னந்தனியாக, சைக்கிளில். இளவேனில் வேலையை விட்டுவிட்டு இப்படிக் கிளம்பியபோது சித்தார்த் வீட்டையே இரண்டாக்கினான். அப்பா தாஸ் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இளமையைத் தொலைத்தவர். சுரங்கத்தை மூடியபின் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்து, கடைசியில் ஜீவனஹள்ளியில் இந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தார். சுரங்கத் தூசியும் நெஞ்சோடு கூடவே வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த மனிதர்தான், "நீ போடி, நான் பாத்துக்கறேன்," என்றார். எதைப் பார்த்துக்கொண்டார்? பார்த்துக்கொண்டவன் சித்தார்த். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து உடம்பு துடைத்தான், மலப்பாத்திரம் கழுவினான், கரண்ட் போய் ஆக்சிஜன் மெஷின் நின்றால் சிலிண்டரை மாட்டினான். சாயங்காலமானால் அப்பா போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அவளுடைய வீடியோ காலுக்குக் காத்திருப்பார். அவள் மலையேறி மூச்சு வாங்கினால் இவர் கட்டிலில் மூச்சு வாங்குவார். நீ இன்றைக்கு எங்கே போனாய் என்று அவனை யாரும் கேட்டதில்லை. பொறாமைதான், வேறென்ன.

விடியற்காலையில் அப்பாவின் கை அவன் கைக்குள்தான் குளிர்ந்தது.

ஐஸ் பெட்டி வந்து, ஷாமியானா கட்டி, அவன் பக்கத்து வீட்டு ஆல்டோவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது உச்சிவெயில். அப்பாவோடு சுரங்கத்தில் இறங்கிய டொமினிக் மாமா மேளக்காரர்களோடு தெருவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "அழுகை அடியெல்லாம் வேணாம்பா. தாஸு மைன்ஸ்காரன். துள்ளு அடி அடிங்க."

பெங்களூருக்கு வெளியே, அத்திபெலேயில் கரும்புச்சாறு வண்டியருகே அவளைப் பார்த்தபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. கறுத்து, கன்னம் ஒட்டி, மூக்கில் தோல் உரிந்திருந்தது. அவளோடு இரண்டு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யோ, அண்ணா!" ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வியர்வையும் டயரும் கலந்த வாடை. "நீயா வந்த? எனக்காக லீவ் போட்டியா?"

"போட்டேன்," என்றான். "கார்ல ஏறு பாப்பா. சைக்கிள மேல கட்டிக்கலாம்."

"போடா! ராஜஸ்தான்ல ஜொரத்தோட கூட எந்த வண்டிலயும் ஏறல. இங்க வந்து ஏறுவனா? கன்னியாகுமரில எல்லாரும் முடிஞ்சிடுச்சு, பஸ்ல போம்மான்னாங்க. அப்பாதான் ஒத்துக்கல. நம்ம வாசல்ல வந்து கால ஊணு, அப்பதான் முடிஞ்சதுன்னாரு."

"அப்பா..." என்று ஆரம்பித்தான்.

"அப்பா இன்னொன்னும் சொன்னாரு. ஷாமியானா போட்டு, மேளம் வெச்சி உன்ன கூட்டிட்டு போறேன்னாரு. புட்பால் மேட்ச் ஜெயிச்சிட்டு வந்தா மைன்ஸ் லைன் வீடுங்கள்ல அப்படித்தானாமே. சும்மா ஓட்டறாரு, இல்ல?"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிறு பிள்ளையாக.

"வெச்சிருக்காங்க," என்றான்.

அவள் கூச்சலிட்டதில் கரும்புச்சாறுக்காரரே சிரித்துவிட்டார். "நெஜமாவா! நீ சொல்லிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாத மாதிரியே வரேன்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி மிதித்துவிட்டாள்.

அவன் பின்னால் காரில் போனான். வேறென்ன செய்வது? பொம்மசந்திரா தாண்டும்போது டொமினிக் மாமா போன் செய்தார்.

"சொல்லிட்டியா? எங்க வரீங்க?"

"அவ சைக்கிள்ல வரா மாமா. நான் பின்னாடி வரேன்."

"டேய், சொல்லலையா நீ? இருட்டறதுக்குள்ள எடுக்கணும்டா. கல்பள்ளில குழி வெட்டியாச்சு. சொந்தக்காரங்க கத்தறாங்க."

அம்மா போனை வாங்கியது கேட்டது.

"சொல்ல முடியலம்மா."

"சரி, வரட்டும். அவ வராம யாரும் தொடக்கூடாதுன்னு நான் சொல்லிக்கறேன். நீ லாரி இடிக்காம பின்னாடியே வா."

இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக் கன்னடத்திலும் உருதுவிலும் திட்டினார்கள். முன்னால் அவளுடைய முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு விடியற்காலையிலேயே அப்பா இல்லை. அவளுக்கு இன்னும் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பா இருந்தார். அதைத் தான் கொடுக்கிறோமா, இல்லை அப்பா சாகும்போது ஊரில் இல்லாதவளுக்குத் தண்டனை போடுகிறோமா என்று அவனுக்கே விளங்கவில்லை. இரண்டும் இருந்தன. அழுகை வந்தது, அழுதான். காருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

சில்க் போர்டு சிக்னலில் அவள் திரும்பி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறக்கினான்.

"என்னடா, கண்ணு செவந்திருக்கு?"

"தூசி."

"அப்பாவுக்கு ரெண்டு வாட்டி போன் போட்டேன், எடுக்கல. மேளத்துல ஒண்ணும் கேட்டிருக்காது."

"பாப்பா," என்றான். "அப்பாவுக்கு..."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஒரேயடியாக அலறியது. "வீட்ல பேசிக்கலாம்ணா!" என்று கத்திவிட்டு முன்னால் போய்விட்டாள்.

காக்ஸ் டவுன் தாண்டியதுமே மேளம் கேட்டது. டொமினிக் மாமா கேட்ட துள்ளு அடிதான். தெருமுனையில் அவள் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கினாள். கீழே சாமந்தி இதழ்கள் சிதறிக் கிடந்தன. நீல ஷாமியானா, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். இப்போதாவது இறங்கி ஓடவேண்டும் என்று சித்தார்த் காரின் கதவில் கைவைத்தான். வைத்ததோடு சரி.

அவள் ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு, மறுகையால் மணியை அடித்தபடியே தெருவுக்குள் ஓட்டினாள். பூக்களின்மேல் சக்கரங்கள் போயின. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தனக்காகத்தான் எழுகிறார்கள் என்று அவள் சிரித்தாள், தலையை ஆட்டினாள். டொமினிக் மாமா கையைக் காட்ட, ஒரு மேளம் நின்றது, பிறகு இன்னொன்று. அவளுடைய மணி மட்டும் கேட்டது. தூக்கிய கை பாதியில் இறங்கியது. மணியும் நின்றது. ஆனாலும் அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

வாசலுக்கு வந்து காலை ஊன்றினாள்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். சைக்கிள் சாய்ந்துவிடாதபடி ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.