பன்னிரண்டு புள்ளி ஏழு

இரண்டு முனைகளும் எதையும் தொடவில்லை, சிவப்பும் கறுப்பும் மேசை விளிம்பில் தனித்தனியே தொங்குகின்றன, நடுவில் உச்சிவேளைக் காற்றைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் வோல்ட் பார்க்கும் மீட்டரின் திரையில் பன்னிரண்டு புள்ளி ஏழு என்று நிற்கிறது, கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்க்கிறேன், நிற்கிறது, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றிப் புதிதாய்ப் போட்டாயிற்று, உப்பு ஏறியிருக்குமென்று நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, முனைகளில் பிடித்த பச்சைக் களிம்பை உப்புத்தாள் வைத்துச் சுரண்டி, அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து ஈரத்தையெல்லாம் வாங்கவிட்டாயிற்று, எடுத்தால் மறுபடியும் அதே எண், போய்த் தொலையேன் என்று வாய்விட்டே கத்தினேன், தொலையவில்லை.

துறையில் படகுகளுக்கு ஒயரிங் பார்ப்பவன் நான், பன்னிரண்டு புள்ளி ஏழு என்றால் படகு பேட்டரி நிறைந்து கிடக்கிறது என்று அர்த்தம், பதினொன்றுக்கு இறங்கிவிட்டால் அதை நம்பிக் கடலில் இன்ஜினை அணைக்கக்கூடாது, மறுபடி கிளம்பாது, இதெல்லாம் கஸ்பாருக்கும் தெரியும், என் தங்கை எஸ்கலினைக் கட்டியவன் அவன், இந்த மீட்டரை வாங்கக்கூட அவன்தான் கூட வந்தான், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், கடைக்காரர் பத்து மீட்டரைப் பரப்பிவைத்து வீட்டுக்கா கடலுக்கா என்று கேட்கிறார், கடலுக்குத்தான் அண்ணாச்சி, கடலுக்கு என்ன மீட்டர் குடுப்பிய, என்று கஸ்பார் சிரிக்கிறான், நான் மூடி இறுக்கமா என்று பார்க்கிறேன், ரப்பர் உறை இருக்கிறதா, இன்ஜின் சத்தத்திலும் கேட்கிற மாதிரிக் கீச்சிடுமா என்று முனைகளைச் சேர்த்துப் பார்க்கிறேன், அவனோ மஞ்சள் நிறம்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், படகு அடித்தட்டுல தண்ணிக்குள்ள விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்லா மச்சான், நீரு சொன்னா அது சொன்ன மாதிரி, அது சொன்னா நீரு சொன்ன மாதிரி, என்றான், அந்தச் சொல்லுக்கு எனக்கு எவ்வளவு பெருமை, வெட்கம் கெட்டவன், கடை வாசலிலேயே அவனுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு மாதா திருவிழா, இல்லை, திருவிழா முதலில் வந்ததா, கஸ்பார் போனது முதலில் வந்ததா, சில நாள் எனக்கு முன்னே பின்னே மாறிப்போகிறது, திருவிழாதான் முதலில், பூசை நடுவில், பூசைக்கு மணியடிக்கும் கோயில்பிள்ளை பொனவெஞ்சர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவருகிறார், சாமியாரு மைக்கு செத்துப்போச்சுவே, ஒம்ம மீட்டர்ல கெடக்க சதுர பேட்டரியக் கழத்திக் குடும், மைக்கும் மீட்டரும் ஒரே பேட்டரிதான், கொடுத்தேன், மாதா காரியமாயிற்றே, மைக்கில் கிடந்த இளைத்த பேட்டரியை மீட்டருக்குள் போட்டுவைத்தேன், பூசை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாமென்று, அவரும் மறந்தார், நானும் விட்டேன். உள்ளே பேட்டரி இளைத்தால் மீட்டர் குறைத்துச் சொல்லாது, கூட்டித்தான் சொல்லும், தொழில் தெரிந்த எவனுக்கும் இது தெரியும், எனக்குத் தெரியாதா, திரையின் மூலையில் எச்சரிக்கைக் குறி சின்னதாய் மினுங்கியதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேனே, அடுத்த நாள் விடியக் கஸ்பாரின் படகில் குனிந்து முனைகளை வைக்கிறேன், எவ்வளவு மச்சான், என்கிறான், குறி மினுங்குகிறது, வீட்டுக்குப் போய் வேறு பேட்டரி எடுத்துவர அரை மணி நேரமாகும், பன்னெண்டு புள்ளி ஏழு, கல்லு மாதிரி கெடக்கு, போயிட்டு வாரும், என்கிறேன், அட பாவி, அரை மணி நேரம்.

வலை விட்டு இன்ஜினை அணைத்திருக்கிறார்கள், காற்று திடீரென்று திரும்பிவிட்டது, சாவியத் திருப்புனா டிக்குன்னுது, மறுபடி டிக்குன்னுது, அவ்வளவுதாம்ணே, என்று பிழைத்துவந்த இரண்டு பேரும் சொன்னார்கள், கவிழ்ந்த படகைப் பிடித்துக் கிடந்தவர்களை வேறொரு படகு தூக்கிவந்தது, கஸ்பார் வரவேயில்லை, அவன் வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கினோம், அந்த அடக்கப் பூசையில் சாமியாரின் குரல் கோயிலின் கடைசித் தூண்வரை கணீரென்று கேட்டது, என் பேட்டரி, பெட்டிக்குள் ஆள் இல்லை, மைக்குக்குள் என் பேட்டரி இருக்கிறது, நான் முழங்காலிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிழல் மேசைமேல் விழுகிறது, எஸ்கலின், கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை, அண்ணே ஒண்ணு கேக்கணும், என்கிறாள், மூணு நாளா மத்தியானம் கண்ணசந்தா அவரு வந்து நிக்காரு, மேலெல்லாம் தண்ணி சொட்டுது, வேற ஒண்ணும் பேசமாட்டேங்காரு, மச்சான்ட்ட அந்தச் சின்ன பேட்டரிய மாத்தச் சொல்லுங்காரு, எந்த பேட்டரிண்ணே. மூன்று நாளாய் மீட்டர் கிடந்தது அரிசிக்குள், பேட்டரி மாறிய கதையைப் பொனவெஞ்சரைத் தவிர ஒரு குஞ்சுக்கும் சொன்னதில்லை, மீட்டருக்குள் அது கிடந்தபடியே படகுக்குப் போனது அவருக்கும் தெரியாது, சொன்னால் இவள் இந்த வாசலை இனி மிதிக்கமாட்டாள், எனக்கென்று மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான், அதெல்லாம் மாத்தியாச்சும்மா, என்றேன், பொய்யுமில்லையே, புதிதாய்ப் போட்டிருக்கிறேனே, அவள் என்னையே பார்த்தாள், மாத்தியாச்சும்பாரு, நம்பாதன்னாரு, என்றாள்.

சொல்லிவிட்டேன், மைக்கு, குறி, அரை மணி நேரம், எல்லாவற்றையும், அவள் அழவில்லை, மேசைப் பக்கம் வந்து சிவப்பு முனையை ஒரு கையிலும் கறுப்பு முனையை மறு கையிலும் எடுத்துப் பிடித்தாள், விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது, வெளியே மழையில்லை, இத்தனை நாளும் அசையாத எண் அசைந்தது, பன்னிரண்டு புள்ளி இரண்டு, பதினொன்று புள்ளி எட்டு, இறங்கி இறங்கிப் பதினொன்று புள்ளி ஒன்றில் நின்றது, அன்று விடியலில் அவன் படகு பேட்டரியில் உண்மையாய் இருந்தது அதுதான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளும் திரையைப் பார்த்தாள், மீட்டர் படிக்கத் தெரிந்தவளைப் போலப் பார்த்தாள், இவ்வளவுதான் இருந்துச்சு, பொறகு ஏன் மச்சான் போகச் சொன்னீரு, என்றாள் என் தங்கை.