ரெண்டடித் தொட்டியில் ஆறு ரவுடிகள்

"ரெண்டடி போதும்னு அவர்தானே சொன்னாரு? அப்ப ரெண்டடியிலயே கொண்டுபோய்க் கொடுப்போம்" என்றேன்.

"அவரு செஞ்சதுக்கு மீனு என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றாள் நிவேதிதா.

கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே நின்று, அவளுடைய அப்பாவின் மளிகைக்கடை வேனில் அந்தக் கண்ணாடித் தொட்டியை ஏற்றிக்கொண்டிருந்தோம். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய தங்க நிற ரிப்பனை நானே அதன்மேல் சுற்றிக் கட்டியிருந்தேன். பக்கத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி. உள்ளே ஆறு பிளாஸ்டிக் பை, பைக்கு ஒரு மீன். ஒரே பையில் இரண்டைப் போட்டால் பொங்கோலில் விருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றுதான் உருப்படியாக இருக்கும்.

"ஒண்ணும் ஆகாது. புது எடத்துல விட்டா மொதல்ல பயந்து, நிறம் வெளுத்து, மூலையில நிக்கும். பிரியாணி போடுற நேரத்துலதான் ஆரம்பிக்கும்."

"அதுக்குள்ள அவரு ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்குவாரு."

"உன்கிட்ட ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், லா" என்று வண்டியைக் கிளப்பினாள்.

அவர் என்றால் ரிஸ்வான் காக்கா. என் பெரியும்மா மகன். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஜாலான் புசாரில் குடும்பத்து ஹார்ட்வேர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரமெல்லாம் மீன். சொந்தத்தில் யார் மீன்தொட்டி வாங்கினாலும் அவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். போன வருடம் நானும் கேட்டேன்.

எனக்கு ட்ரோஃபியஸ் மீன் என்றால் பைத்தியம். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில், பாறையில் படிந்த பாசியை மேய்ந்து வாழ்வது. விரல் நீளம்தான் இருக்கும். நீலத் தலை, கறுப்பு உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை. கூட்டமாகத்தான் வாழும், ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஓயாத அடிதடி. எவ்வளவு பெரிய தொட்டி வாங்கட்டும் என்று கேட்டதற்கு, "ரெண்டடி போதும் புள்ள. என் பழைய தொட்டியே சும்மாதான் கெடக்குது, எடுத்துக்க. மீனும் நானே ஆறு தர்றேன்" என்றார். உம்மாவுக்கு ஒரே பெருமை. அவ்வளவு தாராளம்.

ஒவ்வொன்றாகச் செத்தன. செதில் உரிந்து, வால் கந்தலாகி, தண்ணீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்து. தண்ணீரை மாற்றினேன், கற்களை மாற்றினேன், தூக்கமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன தப்பு என்று கேட்டுச் செத்த மீனைப் படமெடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். அவர் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'மீன் கொலைகாரி முனீரா. இவளுக்குச் சும்மா வளர்ற கப்பி மீன் போதும்' என்று எழுதினார். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பெருநாள் அன்று மீன் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தால், "இந்த மீன் ஆணம் நம்ம முனீரா கைங்கரியமா?" என்று ஒரு மாமா கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். காக்கா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார்.

வைராக்கியம் வந்துவிட்டது. படித்தேன், வளர்ப்பவர்களின் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ட்ரோஃபியஸுக்குத் தொட்டி உயரமாக இருந்து பிரயோஜனமில்லை. நீளம் வேண்டும், அடிபடுகிற மீன் ஓடித் தப்பிக்கிற அளவு நீளம். நாலடிக்குக் கீழே யோசிக்கவே கூடாது. அஞ்சடி என்றால் நிம்மதி. அதோடு கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். இருபது மீன் இருந்தால் விழுகிற அடி இருபது பேருக்கும் பங்காகிவிடும். ஆறு மட்டும் இருந்தால் எல்லா அடியும் இளைத்த ஒருவனுக்கே விழும். அவன் செத்ததும் அடுத்தவன். என் வீட்டில் நடந்ததே இதுதான். பகுதிநேர வேலைக்குப் போய் ஓர் அஞ்சடித் தொட்டி வாங்கினேன். அப்போதுகூடக் காக்கா தெரியாமல் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் அவரே வந்தார். பொங்கோலில் புது வீடு. அதில் ஆறடித் தொட்டி வைக்கிறார், தண்ணீர் பதப்படும்வரை தன் இருபது மீனும் என்னிடம் இருக்கட்டும் என்றார். பைகளை என் தொட்டியில் மிதக்கவிட்டபடி, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆண் மீனுல கண்ணு வச்சுக்க புள்ள. மறுபடியும் ஆறு பேரு பெருத்துட்டானுங்க. போன வருஷமும் இப்படித்தான் ஆறு ரவுடிப் பய கூட்டத்தையே நாசம் பண்ணிட்டு இருந்தானுங்க. கழிச்சுக் கட்டுனேன். அப்புறம்தான் கூட்டம் அமைதியாச்சு."

"யாருகிட்ட கழிச்சீங்க காக்கா?"

"யாரோ... ஞாபகமில்ல" என்று ஒரு பையைத் திறந்தார்.

என்னிடம்தான் கழித்தார் என்பது அவருக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. அதுதான் என்னை எரித்தது. பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அவர் போனதும் வலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து, அடிவயிற்றைப் பார்த்து, ஆறு ஆணையும் அடையாளம் வைத்துக்கொண்டேன். மீதிப் பதினான்கும் பெண்.

பொங்கோலில் புதுவீட்டுக் குடிபுகுதலுக்கு யாசீன் ஓதி முடிந்திருந்தது. காக்கா பிரியாணி தேக்சாவை எடுத்துவரக் கீழே போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். கூடத்துச் சுவர் முழுக்க அந்த ஆறடித் தொட்டி, பாறையும் விளக்குமாக, மீன் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. சொந்தமெல்லாம் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்த மேஜைமேல் நான் ரெண்டடியை வைத்து, ஆறடியிலிருந்தே தண்ணீர் மொண்டு ஊற்றி, ஆறு பேரையும் விட்டேன்.

"மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்றார் காக்காவின் உம்மா மர்யம் பெரியும்மா. "உன் கையிலயா புள்ள இத்தன நாளா உயிரோட இருந்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காக்கா தேக்சாவோடு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். தேக்சாவைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

"என்ன புள்ள இது? மத்ததெல்லாம் எங்க?"

"இது உங்க தொட்டிதான் காக்கா, தெரியலயா? ரெண்டடியில ஆறுதானே வைக்கலாம்? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"சரி சரி, வலைய எடு. பெரிய தொட்டிக்கு மாத்திடலாம்."

"எதுக்கு மாத்தணும்? ரெண்டடி போதாதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து காக்காவின் மனைவி பரீதா மதினி வந்துவிட்டார். நான் காத்திருந்தது அவருக்காகத்தான்.

"என்ன மச்சான், ரெண்டடி போதுமா? அஞ்சடிக்குக் கொறஞ்சா செத்துப்போயிடும்னு சொல்லித்தானே என் சாப்பாட்டு மேஜைய வேணாம்னீங்க? இப்ப எல்லாரும் தரையில உக்காந்து சாப்பிடுறாங்க."

"அது வந்து பரீதா..."

"ரெண்டடி போதும்னா நாளைக்கே இந்தக் கண்ணாடிய எடுத்துடுங்க. மேஜை வரட்டும்."

காக்கா என்னைப் பார்த்தார். போதும் என்றால் ஆறடி போகும். போதாது என்றால் போன வருடம் என்னிடம் சொன்னது என்ன என்று கேள்வி வரும். அதற்குள் மீன்களுக்கு நிறம் திரும்பிவிட்டது. பெரிய ஆண் உடம்பை விறைத்து நடுங்க ஆரம்பித்தது. அடுத்த நொடி சின்னதன் விலாவில் ஓர் இடி. சின்னது ஓடியது. ஆனால் எங்கே ஓடும்? கண்ணாடி, திரும்பினால் கண்ணாடி. ஒரு செதில் விளக்கில் மினுங்கிக்கொண்டே கீழே இறங்கியது.

நிவேதிதா என் முழங்கையைக் கிள்ளினாள். ஆனாலும் வலையை முதுகுக்குப் பின்னால்தான் பிடித்திருந்தேன்.

"ஐயோ, கடிக்குதே. ஏன் வாப்பா இப்படி அடிச்சுக்குது?" என்று மகனைக் கேட்டார் பெரியும்மா.

"எடம் பத்தாதும்மா" என்றார் காக்கா, தேக்சாவிடம் சொல்வது போல.

"பெரியும்மாவுக்குக் கேக்கல காக்கா."

"ரெண்டடி பத்தாது. அஞ்சடியாவது வேணும். ஆறும் ஆணா இருந்தா ஒண்ணையொண்ணு கொன்னுடும். போதுமா?"

"போன வருஷம் முனீராவுக்குக் கொடுத்தது?" என்று கேட்டது நான் இல்லை, மதினி.

"அதுவும் ஆணுங்கதான். என் தொட்டியில தொல்ல பண்ணுச்சுங்க. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

பெரியும்மா தன் மகனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கொலைகாரன் நீதானா? ஒரு வருஷமா அந்தப் புள்ளையச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோமேடா."

நான் வலையை எடுத்து ஆறு பேரையும் ஆறடிக்கு மாற்றினேன். சின்னது பாறை இடுக்கில் பாய்ந்து மறைந்தது. அன்றைய இரண்டு தட்டு பிரியாணியைப் போல ருசியாக என் வாழ்நாளில் எதையும் சாப்பிட்டதில்லை.

கிளம்பும்போது காக்கா லிஃப்ட் வரை வந்தார். "மத்தப் பதினாலும் எப்பக் கொண்டு வருவ?"

"மூணு மீனு வாயில முட்ட வச்சிருக்கு காக்கா. இப்ப அசைச்சா துப்பிடும்."

பொய்யில்லை. ட்ரோஃபியஸ் குஞ்சைத் தாய் வாயில் வைத்துத்தான் வளர்க்கும். ஆனால் இப்போது குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. என் அஞ்சடியில் பாறைக்குப் பாறை ஓடுகின்றன. காக்கா தினமும் 'எப்ப?' என்று கேட்டு அனுப்புகிறார். நான் தினமும் ஒரு குஞ்சுப் படம் அனுப்புகிறேன், வேறொன்றும் எழுதுவதில்லை.

அவர் ஒத்துக்கொண்டது கூடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். குடும்பக் குழுவில் அந்தப் படமும் அந்தப் பெயரும் அப்படியே கிடக்கின்றன. கூடத்தில் சொன்னதை அங்கேயும் தன் கையால் எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். 'மீன் அவருடையதுடி, கொடுத்துடு' என்கிறாள் நிவேதிதா. அந்த ஆறு ரவுடிகளோ அங்கே பெண் மீன் ஒன்றுகூட இல்லாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்களாம், மதினி சொன்னார். நீங்களே சொல்லுங்கள், பதினான்கையும் திருப்பிக் கொடுத்துவிடவா, இல்லை அவர் எழுதும்வரை என் அஞ்சடியிலேயே வைத்திருக்கவா?