இடது கண்

தனலெட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் போடும் ஸ்நூக்கரில் பதினோரு வருடம் நாட்டின் பயிற்சிக் குழுவில் இருந்தவள். குழுவோடு நாலு நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறாள். தனிநபர் போட்டிக்கு அவளை ஒரு தடவைகூட அனுப்பவில்லை. எப்போதும் அவளைவிட ஒரு படி மேலே யாராவது ஒருத்தி இருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஸ்நூக்கர் கிளப்பில் அவள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். அவளுடைய கண்டிப்புக்குப் பெயர் இருந்தது. சரியாகக் குனியாத பிள்ளையை, கியூ என்கிற ஆட்டக் கோலைப் பிடித்தபடி கால் நடுங்கும்வரை அப்படியே நிற்க வைப்பாள். அழுதால், மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள். பெற்றோருக்கு அது பிடித்திருந்தது. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு அக்கறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார்கள்.

காப்பாரிலிருந்து வந்த தாமரை பன்னிரண்டு வயதில் அவளிடம் சேர்ந்தாள். அப்பா வேலாயுதம் மின்நிலையத்தில் குத்தகை வேலை பார்ப்பவர். சனி, ஞாயிறுகளில் மகளை மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, கொமுட்டர் ரயிலில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கிளப்வரை நடத்திக் கூட்டிவருவார். பயிற்சி முடியும்வரை கீழே கடை வாசலில் காத்திருப்பார்.

முதல் வாரத்திலேயே தனலெட்சுமி ஒன்றைக் கண்டுபிடித்தாள். தாமரைக்கு வலது கைப் பழக்கம். ஆனால் குறி பார்ப்பது இடது கண். குனிந்தால் கியூ அவளுடைய மோவாய்க்கு நடுவில் வராமல், இடது கண்ணுக்குக் கீழே போய் நிற்கும். பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் பந்து விழும். எந்தக் கண் பலமோ அதற்குக் கீழேதான் கியூ ஓட வேண்டும் என்பது தனலெட்சுமிக்குத் தெரியும். அதை அவள் தொடவில்லை. நாலு வருடத்தில் அந்தப் பெண்ணின் ஆட்டம் அப்படி வளர்ந்தது.

தாமரைக்குப் பதினாறு வயதானபோது, பக்கத்து நாடுகளோடு ஆடும் வட்டாரப் போட்டிக்குப் பெண்கள் தனிநபர் பிரிவில் ஒரே ஓர் இடம் இருந்தது. தேர்வு பிப்ரவரியில். தனலெட்சுமியும் பெயர் கொடுத்தாள், தாமரைக்கும் கொடுக்கச் சொன்னாள். அனுபவத்துக்காக என்றாள்.

தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால், டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பயிற்சிக்காக மூன்று பிரேம், அதாவது மூன்று ஆட்டம், ஆடினார்கள். மூன்றையும் தாமரை ஜெயித்தாள். கடைசி பிரேமில் தனலெட்சுமி ஒரு பந்தைக்கூடக் குழியில் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் தாமரை கியூவைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து, "சாரிக்கா" என்றாள்.

அந்த வார்த்தைதான் தனலெட்சுமியை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் தாமரையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். கியூ கோணலாக ஓடுகிறது, சின்னப் போட்டிகளுக்கு இது போதும், வெளிநாட்டில் இதை வைத்துக்கொண்டு ஆடினால் சிரிப்பார்கள் என்றாள். கியூ நுனியில் தேய்க்கும் சாக்கட்டியால் மோவாயின் நடுவில் ஒரு கோடு போட்டு, கியூ அதைத் தொட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்றாள். தாமரை அப்படியே குனிந்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்துகளெல்லாம் பாக்கெட் குழியைத் தாண்டிப் போயின. தாமரை சாப்பிடுவதைக் குறைத்தாள். வேலாயுதம் பயந்துபோய் மாடிக்கு வந்து கேட்டார். மேலே போவதற்கு முன்னால் கொஞ்சம் கீழே இறங்கத்தான் வேண்டும், பிள்ளை சொன்னதைச் செய்ய மாட்டேன் என்கிறாள், பிடிவாதம் அதிகம் என்று தனலெட்சுமி பதில் சொன்னாள். வேலாயுதம் வீட்டுக்குப் போய் மகளின் போனைப் பிடுங்கி வைத்தார். கண்ணாடி முன்னால் தினமும் இருநூறு தடவை கியூவை ஓட்ட வைத்தார். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து.

தேர்வு கிள்ளானில் நடந்தது. ஆடியது ஆறு பேர். மற்றவர்கள் சுமாராக ஆடியதால் தாமரை தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரே தனலெட்சுமி. ஐந்து பிரேமில் ஆளுக்கு இரண்டு ஆனது.

ஐந்தாவது பிரேமில் களைப்பிலோ பயத்திலோ தாமரை சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டாள். தலை தானாக நகர்ந்து பழைய இடத்துக்குப் போனது. கியூ இடது கண்ணுக்குக் கீழே வந்தது. பச்சை விழுந்தது. பிரவுன், நீலம், பிங்க் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. மீதி கருப்பு மட்டும். அதை யார் போடுகிறார்களோ அவர்களுக்கு இடம்.

குனிவதற்கு முன்னால் அவள் தனலெட்சுமியைப் பார்த்தாள். நாலு வருடப் பழக்கம் அது. முக்கியமான பந்து என்றால் ஒரு தடவை அக்காவைப் பார்த்துக்கொள்வாள். எதிரே ஆடுவதும் அக்காதான் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவில் இல்லை.

தனலெட்சுமி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு விரலை எடுத்துத் தன் மோவாயின் நடுவில் வைத்தாள்.

தாமரை நன்றியோடு தலையசைத்தாள். குனிந்து, தலையை நகர்த்தி, கியூவை நடுவுக்குக் கொண்டுவந்து அடித்தாள். கருப்பு பாக்கெட்டின் வாயில் மோதி அங்கேயே நின்றது. தனலெட்சுமி எழுந்து வந்து அதை உள்ளே தள்ளினாள்.

அன்று நடுவராக இருந்தவர் பரமேஸ்வரன். கிள்ளானில் சொந்தமாகக் கிளப் நடத்துபவர். விரலை அவரும் பார்த்தார், என்னவென்று அப்போது புரியவில்லை. வீட்டுக்குப் போய் ஆட்டத்தை எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தாமரையைத் தன் கிளப்புக்குக் கூப்பிட்டார். சுவரில் இருந்த கடிகாரத்தை நோக்கி விரலை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூட வைத்தார். இடது கண்ணை மூடியபோது விரல் கடிகாரத்தை விட்டு விலகிப் போனது. உன் கோச்சுக்கு இது தெரியாமல் இருக்காது என்றார்.

தாமரை தனியாக ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். தனலெட்சுமி மேசையில் தனியே ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்னோட கண்ணு எதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்." தனலெட்சுமி நிமிரவில்லை. "நீ வந்த மொத வாரமே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா மாத்தினீங்க?"

"உனக்கு பதினாறு வயசுலா. இன்னும் இருபது வருஷம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு." கியூ நுனியில் சாக்கைத் தேய்த்தாள். "வந்ததுதான் வந்தே, அந்தச் செகப்புப் பந்தையெல்லாம் அடுக்கி வெச்சிட்டுப் போ."

தாமரை அடுக்கி வைத்தாள். பதினைந்தையும் முக்கோணத்தில் நெருக்கி, கருப்பை அதன் இடத்தில் வைத்த பிறகுதான், தான் ஏன் இதைச் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே இறங்கி வந்துவிட்டாள்.

மே மாதம் தனலெட்சுமி வட்டாரப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். நாட்டுச் சட்டையில் அவள் நிற்கும் படத்தைக் கிளப் வாசலில் பெரிதாக மாட்டினார்கள். புதிதாகப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

தாமரை பரமேஸ்வரனிடம் ஏழு மாதம் பயிற்சி எடுத்தாள். பழைய இடத்துக்குத் தலையைக் கொண்டுபோனால் மோவாயில் அந்தக் கோடு அரித்தது. நடுவுக்கு வந்தால் பந்து இரண்டாகத் தெரிந்தது. கடைசியில் அடிக்கும் நொடியில் தலை தானாக ஆட ஆரம்பித்தது. பரமேஸ்வரன் ஒருநாள், கொஞ்ச நாள் படிப்பைப் பாரும்மா என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலாயுதம் நம்பவில்லை. தோற்றதற்குச் சொல்லிக்கொடுத்தவளைக் குறை சொல்வாயா என்று கேட்டார். தீபாவளிக்குத் தனலெட்சுமி வீட்டில் எல்லோருக்கும் வைத்த ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்.

வீடு நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். தனலெட்சுமியே தட்டில் பிரியாணி வைத்துத் தாமரையின் கையில் கொடுத்தாள். யாரோ ஒரு அம்மா, இந்தப் பெண் இப்போது ஆடுவதில்லையா என்று கேட்டாள்.

"நான் வளர்த்த பிள்ளை இது. கைத்திறமைக்குக் கொறச்சல் இல்ல. மனசுலதான் தெம்பு இல்ல" என்றாள் தனலெட்சுமி, தாமரையின் தோளில் கை வைத்தபடி.

வேலாயுதம் ஆமாம் என்று தலையாட்டினார். எல்லோரும் தாமரையைப் பார்த்தார்கள். அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தாள்.