வண்டி அக்கா பேரில்

ஞாயிற்றுக்கிழமை காலை. மாடிப்படிக்குக் கீழே செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளின் குடலை உருவிப் போட்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். யாரோ தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, பிறகு மறந்தே போன சின்ன வண்டி அது, அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார். டேங்குக்குள் துரு. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. செயின் தொளதொளவென்று தொங்கியது. "இதெல்லாம் ஓடுமா?" என்று கேட்டவர்களுக்கு, "பத்து மாடிக்கு லிஃப்டையே ஏத்தி இறக்குறவன் நான். இது எனக்கு எம்மாத்திரம்?" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பையனுக்காக. பத்தாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டி, வயது பதினைந்து. அவன் படியில் உட்கார்ந்து கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான். அப்பா ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுத்தது அவனுடைய அக்கா. நர்சிங் படித்து முடித்தவள். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தது அவள்தான். உப்புத்தாள் போட்டுத் துருவைச் சுரண்டி, நகமெல்லாம் கறுத்துப் போயிருந்தாள்.

அம்மா தையற்காரி. தெருமுனையில் ஒரு சின்னக் கடை வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அவள் தன் பங்குக்குச் சிவப்பு ரெக்ஸினில் சீட்டு உறை தைத்தாள். கனம் தாங்காமல் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. "போனா போகுது, என் தங்கம் உக்காரப் போற சீட்டு" என்று புது ஊசியை மாட்டிக்கொண்டே சிரித்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

வண்டி எழுந்து நின்றதும், யார் பெயரில் பதிவது என்ற பேச்சு வந்தது.

"அவனுக்கு வயசு பத்தாது. பாப்பாகிட்டதான் லைசென்ஸ் இருக்கு. அவ பேர்லயே பதிஞ்சிடலாம்" என்றார் அப்பா.

மகள் முகம் மலர்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். அதற்காகவே தோழியின் வண்டியில் ஓட்டப் பழகி, உரிமமும் வாங்கி வைத்திருந்தாள். "நிஜமாவாப்பா? அப்போ வண்டி எனக்கா?"

"அட, நீ ஒண்ணு! சும்மா பேருக்குத்தாம்மா. ஓட்டப் போறது தம்பி. நாளைக்கு எவனாவது நிறுத்திக் கேட்டா, அக்கா வண்டின்னு சொல்லிக்கலாம்ல?"

"பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி கியர் வண்டி? உனக்கு வேணும்னா உன்னைக் கட்டிக்கப் போறவன் வாங்கித் தருவான்" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மகள் தன் கறுத்த நகங்களைத் துணியால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.

பேருக்கு! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடுகளில் நடக்கிற அநியாயம் கொஞ்சமா நஞ்சமா? பேருக்கு ஒரு தலைக்கவசம் வாங்கினார்கள், அது ஆணியில் தொங்கியது. பேருக்கு ஒரு கண்டிப்பு, "மெதுவாப் போ கண்ணு" என்று. பேருக்கு ஒரு சொந்தக்காரி, அவள் தினமும் விடியற்காலையில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகப் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. புது பிரேக் ஷூ, புது செயின், இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு உதையில் ஸ்டார்ட் ஆனது. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சரிசெய்த மனிதருக்கு, மீசை முளைக்காத பையன் கையில் சாவியைக் கொடுப்பது மட்டும் தப்பாகவே படவில்லை.

கீழ் வீட்டு அக்காவுக்குப் பட்டது. ஒருநாள் படியேறி வந்து சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. தம்பி ஒரு கையில போனை வெச்சுக்கிட்டு ஒரு கையில ஓட்டுறான். நேத்து வளைவுல என் மேலயே ஏத்தப் பாத்தான். சின்னப் பையன், கொஞ்சம் சொல்லி வைங்க."

"உங்க வீட்ல ஓட்டுறதுக்கு ஆள் இல்லைன்னா அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று தையற்காரி வெடுக்கென்று கேட்டாள். வந்தவள் முகம் சுண்டிப் போய் இறங்கிப் போனாள். நல்லது சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரம். பையன் நடந்தே வீட்டுக்கு வந்தான். முழங்கை சிராய்ந்திருந்தது. "வண்டி பஞ்சர். கடையில விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். எங்கேயோ விழுந்துவிட்டு வெட்கப்படுகிறான் என்று நினைத்து, அம்மா மருந்து தடவப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டு அக்கா ஓடிவந்தாள். "கேட்டீங்களா அநியாயத்தை? நம்ம கேன் அண்ணனை எவனோ இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம்!"

கேன் அண்ணன் என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். சைக்கிளில் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்து, தோளில் தூக்கி மூன்றாவது மாடிவரை ஏறுவார். "லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் இல்லையேப்பா" என்று கேலி பேசுவாரே தவிர, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த மனிதர் சாலையோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்திருக்கிறது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இடித்தவன் நிற்கவில்லை. கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கியிருக்கிறார், வண்டி எண்ணையும் பார்த்து வைத்திருக்கிறார்.

"அடப் பாவி! எவன் பெத்த புள்ளையோ!" என்று தையற்காரி வாயில் அடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் கீழே இறங்கவில்லை, அப்பாவின் கைபேசி ஒலித்தது. காவல் நிலையத்திலிருந்து பேசினார்கள். வண்டி எண்ணைச் சொன்னார்கள். சொந்தக்காரியை உடனே அழைத்து வரச் சொன்னார்கள்.

கீழ் வீட்டு அக்கா போனதும் கதவைச் சாத்தினார்கள். பஞ்சர் என்றது பொய், வண்டியை ஒரு சந்தில் விட்டிருக்கிறேன் என்று தொடங்கி, பையன் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் பதறவில்லை.

"எதுக்கு இப்ப எல்லாரும் இடிஞ்சு போயிட்டீங்க? வழி இருக்கு. பாப்பா ஓட்டினதா சொல்லிடலாம். லைசென்ஸ் இருக்கு, வண்டியும் அவ பேர்ல. இன்சூரன்ஸ்ல கேன் அண்ணனுக்கும் ஏதாவது கிடைக்கும். இவன் ஓட்டினான்னா ஒண்ணும் கிடைக்காது. அவருக்கும் அதுதானே நல்லது?"

கேட்டீர்களா நியாயத்தை? அடிபட்டவர் மேல் எவ்வளவு அக்கறை! அதில் பாதி உண்மையாக இருந்திருந்தால், இந்நேரம் இவர் மருத்துவமனையில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

"அப்பா, மனுப் போட்ட நர்ஸ் வேலை கிடைச்சிடுச்சு, அடுத்த வாரம் நான் சேரணும்" என்றாள் மகள். "போலீஸ் கேஸ் இருந்தா எடுக்க மாட்டாங்க."

"இந்த வேலை இல்லன்னா இன்னொரு வேலை. அவன் வாழ்க்கை போனா திரும்ப வருமா?"

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இருக்கிறது ஒரே தம்பிடி. நீ பொண்ணு, ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா விட்டுடுவாங்க. அவன் ஆம்பளப் புள்ள, இதெல்லாம் தாங்க மாட்டான்டி."

தாங்க மாட்டானாம்! எலும்பு முறிந்து கிடந்தவரை விட்டுவிட்டு வந்தது வரைக்கும் தாங்கினானே!

மகள் கையை விடுவித்துக்கொண்டு, "சரி. நான்தான் ஓட்டினேன்னு சொல்றேன். அங்க கேள்வி கேப்பாங்க. என்ன சொல்லணும்னு இப்பவே சொல்லிக் குடுங்க" என்றாள்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. "அவர் திடீர்னு குறுக்க வந்துட்டார்னு சொல்லு."

"ஓரமா சைக்கிளைத் தள்ளிட்டுப் போனவரு எப்படிப்பா குறுக்க வருவாரு?"

"அவ்வளவு துருவிக் கேக்க மாட்டாங்கம்மா."

"சரி, கேக்க மாட்டாங்க. இடிச்சதுக்கப்புறம் நான் ஏன் நிக்கலைன்னு கேப்பாங்கல்ல? எலும்பு முறிஞ்சவங்களை எப்படித் தூக்கணும், எப்படிக் கட்டணும்னு படிச்சுட்டு வந்தவ நான். நான் ஏன் இறங்கிக்கூடப் பாக்காம ஓடினேன்? அதுக்கு மட்டும் எனக்கு பதில் வரலம்மா. நீ சொல்லு. நானா இருந்தா நின்னிருப்பேனே!"

அம்மா பதிலைத் தேடுகிறவளாக மகனிடம் திரும்பி, அவன் தலையைத் தடவினாள். "நீ சொல்லு கண்ணு. பயந்துட்டே, அதானே? பயத்துலதானே நிக்காம வந்துட்டே?"

ஆமாம் என்று அவன் ஒரு தடவை தலையாட்டியிருந்தால் போதும். அவள் அப்போதே மன்னித்திருப்பாள்.

"பயமெல்லாம் இல்ல" என்றான் பையன். குழாயை மூடிவிட்டேன் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். "வண்டிதான் அக்கா பேர்ல இருக்கே. எவனாவது நம்பரைப் பாத்தாலும் அவளைத்தானே கூப்பிடுவாங்க? அதான் வந்துட்டேன்."

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தக் கணக்கை இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யார், பெற்றவள்தான். சின்ன வயதில் அவன் பந்தடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தபோது, "நீ எங்கடி போயிருந்தே?" என்று பெண்ணைத் திட்டி, அவளையே மன்னிப்புக் கேட்க அனுப்பினாள். அவன் தொலைத்த புத்தகத்துக்கு அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவன் வாசல் கதவைப் பூட்ட மறந்தால், "பெரியவ நீ பாக்கக் கூடாதா?" என்று ஏச்சு அவளுக்கு. தையற்காரி அவமானத்தோடு போர்வையை உருவி எறிந்தாள்.

"எந்திரி. செருப்பைப் போடு. ஸ்டேஷனுக்குப் போறோம்" என்றாள் மகனிடம்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் வழியை மறித்தார். "ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுங்க. கேன் அண்ணன் வீட்ல அழுதுட்டிருக்காங்க, அது உங்க காதுல விழலையா? தள்ளுங்க."

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டினது யாரு?"

"என் பையன் சார். பதினஞ்சு வயசு."

அவர் பையனைப் பார்த்தார், பிறகு பெண்ணைப் பார்த்தார். பெரிய உபகாரம் செய்கிறவர்போல் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, பொண்ணுக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே? வண்டியும் அவ பேர்ல. அவ ஓட்டினதாவே எழுதிடறேன். எனக்கும் வேலை மிச்சம். எல்லாருக்கும் நல்லது."

"அதைத்தான் சார் நானும் தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று லிஃப்ட் மெக்கானிக் முகம் மலர முன்னால் வந்தார்.

"எல்லாருக்கும்னா யார் யாருக்கு சார்?" என்றாள் தையற்காரி. "என் பொண்ணு அந்த எல்லாருல சேத்தியா, இல்லையா?"

அவருக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படின்னா பெத்தவங்க மேலதான் கேஸ் வரும். யோசிச்சுக்கோ."

"வரட்டும் சார். சாவியை எங்க கையாலதான் குடுத்தோம். அவ கையில ஒரு நாள் குடுத்ததில்ல. கேன் அண்ணன் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் அவங்க வீட்டுக்கு நாங்கதான் பதில் சொல்லணும். சொல்றோம். டேய், நடந்ததைச் சொல்லு."

"நீயே சொல்லும்மா" என்று பையன் அவள் முந்தானையைப் பிடித்தான். இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

"நான் சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்ல மாட்டா. பண்ணினவன் நீ, நீதான் சொல்லணும்."

அவன் சொன்னான். விக்கி விக்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கையில் போன் இருந்ததிலிருந்து ஆரம்பித்தான். கீழே விழுந்தவர் தலையைத் தூக்க முடியாமல், "யாருப்பா அது, கொஞ்சம் தூக்கி விடேன்" என்று கேட்டதையும் சொன்னான். அதைக் கேட்டதும் அவன் அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் எழுதினார்.

லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் காதருகே சீறினார்: "பெத்த புள்ளையைக் காட்டிக் குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"இவ்வளவு நாள் நான் தாயா இல்லைங்க, இன்னைக்குத்தான் தாயா நடந்துக்கறேன். வயசு வராத புள்ளைகிட்ட சாவியைக் குடுத்தோம், அது ஒரு தப்பு. அவன் பண்ணின பாவத்தைத் தூக்கி அவ தலையில கட்டப் பாத்தோம், அது அதைவிடப் பெரிய தப்பு. பையன் பண்றதுக்கெல்லாம் பொண்ணைப் பதில் சொல்ல வெச்சா, பொண்ணு வாழ்க்கை மட்டுமா போகுது? பையன் மனுஷனாவே வளர மாட்டான். ஒருத்தர் காலொடிஞ்சு கிடந்து கூப்பிடறப்போ திரும்பிப் பாக்காம வர்ற தைரியம் அவனுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு? நாம குடுத்ததுதான்."