தானாகப் போனவன்

வேலைநிறுத்தம் முடிந்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் தவசியின் வாடகை பாக்கி தீரவில்லை. வீட்டுக்காரர் அழகுமலை அவனுக்குத் தூரத்து உறவில் மாமா முறை. போகச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மராமத்து என்று ஆள் விட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்.

கதவில்லாத வாசலில் அவன் மனைவி ராமக்காள் பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள். ஆலைக்குப் பக்கத்தில் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்க வேறு இடம் வாய்க்காது. இந்த அறை போனால் அவள் உசிலம்பட்டிக்குத் தாய்வீடு போக வேண்டியதுதான்.

"கூரையவே பிரிச்சாலும் வெளியேறாத, தவசி," என்றான் கூட வேலை பார்க்கும் காளை. "பாக்கி இருந்தாலும் வாடகைக் கோர்ட்டு உத்தரவில்லாம ஒன்னய ஒருத்தனும் எறக்க முடியாது. தவணையில கட்டுறேன்னு மனுப் போடுவோம்."

"மாமன் மேல மனுவா? ஊரே காறித் துப்பும்ணே."

"கதவக் கழட்டுன மாமன ஒருத்தனும் துப்பல. ஒன்னயத் துப்பத்தான் வாய வச்சிருக்கானுகளா?"

தவசிக்குச் சிரிப்பு வந்தது, துணிவு வரவில்லை. காற்றில் சேலை விலகும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்தார்கள். மறுநாள் காலை அவனே அடுப்பைப் பெயர்த்துத் தூக்கினான். அடுப்பை எடுத்தவன் வீட்டை விட்டவன் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அடுத்தவன் கை வைப்பதற்குள் தன் கையாலேயே எடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தான்.

அழகுமலை முற்றத்தில் நின்று, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி கேட்டார். "ஏப்பா, ஒன்னய நான் போகச் சொன்னேனா?"

"இல்ல மாமா. நாங்களாத்தான் போறோம்."

கௌரவமாகப் பேசிவிட்டதாகத்தான் தவசிக்கு அப்போது இருந்தது.

காளை விடவில்லை. மனுப் போட்டு, தவசியை வாடகைக் கோர்ட்டு அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அழகுமலை அதே அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார்.

"நீயாகப் போவதாகச் சொன்னாயா?" என்று அதிகாரி கேட்டார்.

காளை கண்ணைக் காட்டினான். சொன்னதை இல்லையென்று சொல்லத் தவசிக்கு நாக்கு எழவில்லை.

"சொன்னேஞ் சாமி."

மனு தள்ளுபடியானது.

உசிலம்பட்டி பஸ்ஸில் ராமக்காள் சன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் எட்டிப் பாத்தது என்னயத்தான? எனக்கு இல்லாத கூச்சம் ஒங்களுக்கு எதுக்கு வந்துச்சு?"

"சம்பளத்துக்கு மறுநா வாரேன்," என்றான் கீழே நின்ற தவசி.

"வந்து?"

அதற்குள் ஆலையில் முதல் சங்கு ஊதிவிட்டது. பஸ் கிளம்பும் வரை நிற்கக்கூட அவனுக்கு நேரமில்லை.